ஒரே மைதானம், இருபது ஆண்டுகள்

சேலம், நாமக்கல் சமவெளியில் கல்லூரிகள் நிறைய. பந்தின் பின்னால் ஓடத் துடிக்கும் பிள்ளைகளும் நிறைய. கால்பந்துக்கென்றே ஆண்டுக்கணக்கில் அவர்களோடு நிற்கும் பயிற்சியாளர்தான் அரிது. அந்த ஒரு வேலையை நாம் உருவாக்க வேண்டும்.

1973 டிசம்பர் 27. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில், மாநில அணிகள் மோதும் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையின் இறுதியாட்டம். எதிரணி ரயில்வே. கேரள கேப்டன் மணி மூன்று கோல் அடிக்க, ஆட்டம் 3-2 என முடிந்தது. கேரளத்துக்கு அது முதல் கோப்பை. மறுநாள் மாநிலத்துக்கே விடுமுறை விட்டார்கள். இன்றும் மலையாளிகள் கால்பந்து பேச உட்கார்ந்தால் அந்த மாலையைத் தொடாமல் எழுந்திருப்பதில்லை.

அந்த அணியின் பயிற்சியாளர் ஒரு தமிழர். தஞ்சாவூரில் பிறந்த சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடியவர். கேரளத்துக் கால்பந்து ரசிகர்களுக்கு அவர் பெயர் தெரியும். தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்நாடு இதுவரை ஒருமுறைகூட சந்தோஷ் கோப்பையை வென்றதில்லை. தமிழ்நாட்டில் பிறந்த ஒரு பயிற்சியாளர் பக்கத்து மாநிலத்துக்கு அதை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அந்த அணியில் இருந்த இன்னொருவரையும் கவனிக்க வேண்டும். கோல்கீப்பர் விக்டர் மஞ்ஞிலா. ஆடி முடித்த பிறகு அவர் கோழிக்கோடு பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். கோப்பை வென்ற கைகள் கல்லூரிப் பிள்ளைகளிடம் திரும்பி வந்தன. ஆட்டக்காரர் பயிற்சியாளர் ஆவதும், அவர் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் நிலைப்பதும், அங்கிருந்து அடுத்த தலைமுறை எழுவதும் கேரளத்தில் ஒரு சுழற்சியாக நடந்தது. 1992-இல் கேரளம் மறுபடி சந்தோஷ் கோப்பையை வென்றது நம் கோயம்புத்தூரில்தான். அந்தச் சுழற்சி பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைச் சேலத்திலும் நாமக்கல்லிலும் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது.

எல்லா விளையாட்டுக்கும் ஒரே ஆள்

நம் ஊர்க் கல்லூரிகளில் கால்பந்துப் பயிற்சியாளர் என்று தனியாக ஒரு பதவி பெரும்பாலும் கிடையாது. உடற்கல்வி இயக்குநர் என்ற ஒருவர் இருப்பார். மாணவர்களுக்கு அவர் ‘பி.டி. சார்’. கபடி, கோகோ, வாலிபால், தடகளம், கிரிக்கெட், சதுரங்கம், கால்பந்து எல்லாமே அவர் தலையில். விளையாட்டு விழாவுக்குக் கோடு போடுவதும் அவர்தான். கல்லூரிக்குத் தரமதிப்பீட்டுக் குழு வந்தால் விளையாட்டுத் துறைக் கோப்புகளை அடுக்கித் தருவதும் அவர்தான். மாணவர்களுக்கு நடுவே தகராறு என்றால் முதலில் கூப்பிடுவதும் அவரைத்தான்.

இவ்வளவுக்கும் நடுவில் கால்பந்து அணி எப்படி உருவாகிறது? பல்கலைக்கழகத்திலிருந்து கல்லூரிகளுக்கிடையேயான போட்டி அறிவிப்பு வருகிறது. அறிவிப்புப் பலகையில் ‘விருப்பமுள்ளோர் மாலை மைதானத்துக்கு வரவும்’ என்று ஒரு தாள் ஒட்டப்படுகிறது. வந்தவர்களில் பதினாறு, பதினெட்டுப் பேரைப் பொறுக்கி, இரண்டு வாரம் ஓடவிட்டு, அழைத்துப் போகிறார்கள். போட்டி பெரும்பாலும் நாக்-அவுட். முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த ஆண்டு முடிந்தது. மூன்றாண்டுப் படிப்பில் ஒரு மாணவன் கல்லூரிச் சட்டையைப் போட்டு ஆடும் ஆட்டங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இதில் யாருடைய உழைப்பையும் குறை சொல்ல இடமில்லை. விடியற்காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்கும் உடற்கல்வி இயக்குநர்களை இந்த இரண்டு மாவட்டங்களிலும் பார்க்கலாம். ஏற்காட்டு மலையடிவாரத்திலிருந்து காவிரிக் கரைப் பரமத்திவேலூர் வரை, வெயில் ஏறும் முன் பயிற்சியை முடித்து, எட்டரைக்குக் கையெழுத்துப் போட ஓடுகிறவர்கள் அவர்கள். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பதவியாவது நிலையாக இருக்கிறது. சுயநிதிக் கல்லூரிகளில் பலர் குறைந்த சம்பளத்தில், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் வேலையில் இருக்கிறார்கள். அடுத்த ஜூனில் இருப்போமா என்று தெரியாத ஒருவரிடம், மூன்றாண்டுத் திட்டம் போட்டு அணியைக் கட்டு என்று கேட்பது நியாயமில்லை.

இன்னொரு தடை பலர் கண்ணில் படுவதில்லை. இங்குள்ள கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 1997-இல் தொடங்கப்பட்டு, இன்று சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான பல்கலைக்கழகம் அது. பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ். ஒரே சாலையில், சுற்றுச்சுவர் ஒட்டி இருக்கும் இரண்டு கல்லூரிகள் பல்கலைக்கழகப் போட்டியில் ஒன்றையொன்று சந்திக்கவே முடியாது. முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளில் மட்டுமே அந்தச் சுவர் சற்று விலகுகிறது. எதிரே நல்ல அணி இல்லாமல் எந்த அணியும் வளராது. அந்த நல்ல அணி பக்கத்துத் தெருவில் இருந்தும் நாம் ஆடுவதில்லை.

காணாமல் போகும் இரண்டு ஆண்டுகள்

நாமக்கல் என்றால் முட்டை, லாரி, பள்ளிக்கூடம். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகத் தமிழகம் முழுவதிலுமிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த மாவட்டம் இது. தங்கிப் படிக்கும் அந்தப் பள்ளிகளில் பதினாறு, பதினேழு வயது என்பது விடியலில் தொடங்கி இரவு வரை நீளும் பாடவேளைகளின் வயது. விளையாட்டுப் பாடவேளை அட்டவணையில் இருக்கும்; மைதானத்தில் இருக்காது.

கால்பந்தில் அந்த இரண்டு ஆண்டுகள் மிக முக்கியமானவை. பந்தை முதல் தொடுதலிலேயே கட்டுக்குள் கொண்டுவருவது, பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்வது, பந்து தன்னிடம் இல்லாதபோது எங்கே நிற்பது என்று முடிவெடுப்பது, இவையெல்லாம் பத்து வயதில் தொடங்கி பதினேழு வயதுக்குள் உடம்பில் ஊற வேண்டியவை. பத்தாம் வகுப்பு வரை தெருவிலும் ஏரிக்கரையிலும் நன்றாக ஆடிய பையன் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குள் வரும்போது மூச்சு வாங்குகிறான். கால் மறந்திருக்கிறது. அவனைப் பழையபடி ஆட்டத்துக்குள் கொண்டுவரவே ஓராண்டு போகும். இரண்டாம் ஆண்டில்தான் அவனுக்கு ஏதாவது கற்றுக்கொடுக்க முடியும். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் அவன் வேலைக்குப் போய்விடுவான்.

அப்படியென்றால் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளரின் வேலை, பள்ளி விட்ட இடத்திலிருந்து தொடங்குவது கூட இல்லை. பள்ளி தொலைத்ததை மீட்பதிலிருந்து தொடங்குவது. ஆறு மாத ஒப்பந்தத்தில் வரும் ஒருவரால் இது முடியாது. ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும் முதலாண்டுப் பிள்ளைகளை மூன்றாண்டுச் சங்கிலியில் கோத்துக்கொண்டே போகும் ஒருவரால்தான் முடியும்.

சேலம் தரும் சான்று

ஒரு பயிற்சியாளர் ஒரு வாழ்க்கையை மாற்றுவார் என்பதற்குச் சேலம் வெளியூருக்குப் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை.

பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தது. தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த அவரை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வயதில், உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் வந்தார். சேலம் ஏ.வி.எஸ். கலை அறிவியல் கல்லூரியில் படித்த நாட்களில் இளம்பரிதி என்ற பயிற்சியாளர் துணை நின்றார். பெங்களூரைச் சேர்ந்த சத்தியநாராயணா 2013-இல் தேசியப் போட்டியொன்றில் அவரைக் கண்டு தன் பயிற்சிக்குள் எடுத்துக்கொண்டார். அதன்பின் நடந்தது வரலாறு: 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம்.

இந்த வரிசையைப் பாருங்கள். பள்ளியில் ஒருவர், கல்லூரியில் ஒருவர், மாநிலம் தாண்டி ஒருவர். மூன்று பேரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். நடுக்கண்ணியான கல்லூரியில் ஆள் இல்லாமல் போயிருந்தால், பள்ளி ஆசிரியர் கண்டுபிடித்த திறமை பெங்களூர் வரை போய்ச் சேர்ந்திருக்குமா?

சின்னப்பம்பட்டி நடராஜன் கதையிலும் அப்படி ஒருவர் உண்டு. டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்த இளைஞனை ஜெயப்பிரகாஷ் கைப்பிடித்து அழைத்துப் போனார். ஐ.பி.எல். ஆடிய நடராஜன் தன் சட்டையின் முதுகில் ‘ஜே.பி. நட்டு’ என்று எழுதிக்கொண்டார். தன் பெயருக்கு முன்னால் தன்னை வளர்த்தவரின் எழுத்துகள். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு அறிமுகமாகும் அளவுக்கு அந்தப் பிடி உறுதியாக இருந்தது.

தடகளத்தில் நடந்தது, கிரிக்கெட்டில் நடந்தது, கால்பந்திலும் நடக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. உயரம் தாண்டுவது ஒருவரின் திறமை. பந்து வீசுவதும் பெரும்பாலும் ஒருவரின் திறமை. அவற்றில் ஓர் ஆசிரியரின் தனிப்பட்ட அன்பும் தியாகமும் ஒரு பிள்ளையை மேலே கொண்டுபோய்விடலாம். கால்பந்து பதினொரு பேரின் ஆட்டம். அதற்கு அன்போடு அமைப்பும் வேண்டும்.

பம்பாயில் பிறந்து, ஒரே கல்லூரியில் வாழ்ந்தவர்

ஒரு கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளரின் பணிவாழ்வு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு உலகமே காட்டும் உதாரணம் ஆன்சன் டோரன்ஸ். 1951-இல் நம் பம்பாயில் பிறந்த அமெரிக்கர். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் படித்து, அதே அணியில் ஆடி, பிறகு சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது அங்கேயே ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 1979-இல் பெண்கள் அணியும் அவர் பொறுப்புக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் ஓய்வு பெறும்வரை அந்த இடத்தை விட்டு அவர் நகரவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகள், ஒரே கல்லூரி.

அந்தக் காலத்தில் அவருடைய பெண்கள் அணி 22 தேசியக் கோப்பைகளை வென்றது. 1991-இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையை அமெரிக்கா வென்றபோது தேசிய அணியின் பயிற்சியாளரும் அவரே. மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி போன்றவர்கள் அந்தக் கல்லூரி மைதானத்திலிருந்து எழுந்தவர்கள்.

அவர் செய்ததில் நமக்குக் கற்றுக்கொள்ள இரண்டு இருக்கின்றன. முதலாவது, அவர் பின்னால் ஒரு சட்டம் நின்றது. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு வேண்டும் என்று 1972-இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. அதன் விளைவாகவே கல்லூரிகள் பெண்கள் அணிகளைத் தொடங்கின, பயிற்சியாளர்களைச் சம்பளம் கொடுத்து வைத்தன. இரண்டாவது, அவர் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். பயிற்சியில் நடக்கும் ஒவ்வொரு சிறு போட்டியையும், ஒருவருக்கு ஒருவர் மோதும் ஒவ்வொரு சுற்றையும் மதிப்பெண் போட்டு, தரவரிசை செய்து, அணியின் பார்வைக்கு ஒட்டிவிடுவார். பயிற்சி நாளே போட்டி நாளாக மாறியது.

இதற்கு எந்தச் செலவும் இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும். நம் கல்லூரிகளில் புள்ளியியல் துறை இருக்கிறது, கணினித் துறை இருக்கிறது. அந்தத் துறைகளின் மாணவர்கள் நான்கு பேர் மைதான ஓரத்தில் உட்கார்ந்தால் போதும். வேண்டியது, அந்த நோட்டைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து வைத்திருக்கும் ஒரு பயிற்சியாளர்.

டோரன்ஸ் விலகிய அதே ஆண்டின் இறுதியில் அவருடைய கல்லூரி மறுபடி தேசியக் கோப்பையை வென்றது. அவர் வளர்த்த உதவிப் பயிற்சியாளரே அணியை நடத்தினார். ஒரு மனிதர் நிலைத்து நின்றதால் ஓர் அமைப்பு நிலைத்தது.

ஹைதராபாத்துப் பள்ளி ஆசிரியர்

அமெரிக்காவில் பணம் இருக்கிறது, நமக்கு எங்கே என்று கேட்கிறவர்களுக்குச் சையது அப்துல் ரஹீமைச் சொல்ல வேண்டும். 1909-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். பட்டப் படிப்பு முடித்துப் பள்ளி ஆசிரியர் ஆனார். பிறகு உடற்கல்வியில் பட்டயம் பெற்றுப் பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பைக் கவனித்தார். பள்ளி வேலைக்கிடையே ஹைதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சி தந்தார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

இந்திய அணியை அவர் நடத்திய ஆண்டுகளே நம் கால்பந்தின் உச்சம். 1951-இல் டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962-இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மீண்டும் தங்கம். புற்றுநோயோடு போராடியபடி அந்தக் கடைசித் தங்கத்தை வாங்கிக் கொடுத்த அவர், அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார்.

அவரிடம் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. யோசனைகள் இருந்தன. இளைஞர்களுக்கு, பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம் என்று ஒரு போட்டி வைத்தார். பந்தை உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது, உடனே பாஸ் செய்ய வேண்டும் என்று இன்னொரு போட்டி வைத்தார். வலது கால் மட்டும் தெரிந்தவன் இரண்டு காலாலும் ஆடப் பழகினான். பந்தை வைத்துக்கொண்டு அழகு காட்டியவன் பக்கத்தில் நிற்பவனைப் பார்க்கப் பழகினான்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இது மிகவும் பொருந்தும். நம் மைதானங்களில் பல கெட்டியான செம்மண் தரைகள். கோடையில் பந்து தாறுமாறாகத் துள்ளும். அதனாலேயே நம் பிள்ளைகள் பந்தைத் தரையில் வைக்கப் பயந்து, உயரத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுகிறார்கள். புல்தரை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மழைக்குப் பிந்தைய மாதங்களில் தரை இளகியிருக்கும்போது, சிறிய கட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்து பேராக, ஒரே தொடுதல் ஆட்டம் வைக்கலாம். முடிவெடுக்க ஒரு பயிற்சியாளர் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம்.

பெண்கள் முந்திவிட்டார்கள்

ஆண்கள் அணி சந்தோஷ் கோப்பைக்கு இன்னும் காத்திருக்க, தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன் ஆகிவிட்டார்கள். 2018-இல் கட்டாக்கில், பலமுறை கோப்பை வென்ற மணிப்பூரை 2-1 என்று வென்றார்கள். 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடி கோப்பையைத் தூக்கினார்கள். 2019-இல் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது.

இந்த எழுச்சியின் வேர்களில் ஒன்று கடலூரில் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார் மாரியப்பன் என்ற பயிற்சியாளர். அங்கே உருவான இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகம் இந்திய மகளிர் லீக் வரை போய் ஆடியது. இந்திய அணிக்கு நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். ஒரு மாவட்டம், ஒரு மைதானம், ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்ற ஒரு பயிற்சியாளர். மறுபடி அதே சூத்திரம்.

நாமக்கல் மாவட்டத்தில், குறிப்பாகத் திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கங்களில், பெண்கள் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். கல்லூரி வளாகத்துக்குள்ளேயே மைதானம், வளாகத்துக்குள்ளேயே விடுதி. மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்ற கவலை இல்லை. பெண்கள் கால்பந்துக்கு இதைவிட வாய்ப்பான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இருக்காது. அங்கே ஒரு பெண் பயிற்சியாளரை முழுநேரமாக நியமித்தால், ஐந்து ஆண்டில் மாநில அணிக்கு வீராங்கனைகளைக் கொடுக்கும் நிலமாக இந்தச் சமவெளி மாறும் என்று நம்ப எல்லாக் காரணமும் உண்டு.

பயிற்சியாளர் ஆவது எப்படி?

இந்தத் தொழிலுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து நடக்கிறவரே நல்ல கல்லூரிப் பயிற்சியாளர் ஆகிறார்.

முதல் வழி கல்வி வழி. பி.பி.எட்., எம்.பி.எட். முடித்து, நெட் அல்லது செட் தேர்வில் தேறினாலோ முனைவர் பட்டம் பெற்றாலோ உடற்கல்வி இயக்குநர் பணிக்கு விண்ணப்பிக்கலாம்; உடல்திறன் தேர்வும் உண்டு. சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி இந்த வழியின் மூத்த வாசல். 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. செங்கல்பட்டு மாவட்டம் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

இரண்டாவது வழி மைதான வழி. 1961-இல் தொடங்கப்பட்ட பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பு ஒன்று. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் நடத்தும் பயிற்சியாளர் உரிமங்கள் மற்றொன்று. டி, சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கட்டணம் உண்டு, பல நாள் முகாம் உண்டு. ஓர் உரிமத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உண்மையான அணியோடு வேலை செய்திருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். கல்லூரி வேலைக்கு உரிமம் கேட்பதில்லை, பட்டம் கேட்கிறார்கள். கால்பந்து அணிக்குப் பட்டம் போதாது, உரிமம் வேண்டும். கல்லூரி நிர்வாகம் தன் உடற்கல்வி இயக்குநரை விடுப்போடும் கட்டணத்தோடும் உரிம முகாமுக்கு அனுப்பினால் இரண்டு வழிகளும் ஒன்றாகிவிடும்.

கல்லூரிப் பேருந்துகள் ஓட்டும் லீக்

இனிச் செய்யக்கூடியதைச் சொல்ல வேண்டும். கையில் இருப்பதை வைத்தே தொடங்க முடியும்.

சேலத்திலிருந்து நாமக்கல் சுமார் ஐம்பது கிலோமீட்டர், நான்குவழிச் சாலை. ராசிபுரம் நடுவழியில். திருச்செங்கோடு, சங்ககிரி, பரமத்திவேலூர், ஆத்தூர், மேட்டூர் எல்லாம் ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணத்துக்குள். இந்த ஊர்களின் தனியார் கல்லூரிகள் ஒவ்வொன்றும் பேருந்து வரிசையே வைத்திருக்கின்றன. காலையில் மாணவர்களை இறக்கிய பிறகு மாலை வரை அவை நிழலில் நிற்கின்றன. சனிக்கிழமைகளில் பல வண்டிகள் எடுக்கப்படுவதே இல்லை. லாரித் தொழிலுக்குப் பேர்போன மண்ணில், பதினெட்டுப் பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு அழைத்துப் போக வண்டி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எட்டுக் கல்லூரிகள் சேரட்டும். கலை, பொறியியல், மருத்துவம், கால்நடை மருத்துவம் என்ற பிரிவு வேண்டாம். ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை ஆடட்டும். ஒவ்வொரு அணிக்கும் 14 ஆட்டம் ஆயிற்று. அமெரிக்கக் கல்லூரி அணிகள் ஒரு பருவத்தில் ஏறக்குறைய இருபது ஆட்டம் ஆடுகின்றன. அதற்கு நெருக்கமாக வந்துவிடுவோம். நாக்-அவுட்டில் ஒருநாள் சறுக்கினால் ஓராண்டு போய்விடும். லீக்கில் சனிக்கிழமை தோற்ற அணி அடுத்த சனிக்கிழமை திருத்திக்கொள்ளலாம். தோல்விக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் உள்ள அந்த ஆறு நாளில்தான் ஒரு பயிற்சியாளர் உண்மையில் பயிற்சியாளர் ஆகிறார்.

அணி இருந்தால் ஆள் வேண்டும். எட்டுக் கல்லூரிகளும் ஆளுக்கு ஒரு கால்பந்துப் பயிற்சியாளரை, குறைந்தது ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில், துறை ஆசிரியருக்கு நிகரான சம்பளத்தில் நியமிக்க வேண்டும். உடற்கல்வி இயக்குநரின் சுமையும் அதனால் குறையும். முன்னாள் மாவட்ட, மாநில ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர் ஆட்டத்தை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். உரிமம் எடுக்க உதவினால் அவர்களில் சிலர் திரும்பி வருவார்கள். பெரியார் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும் இந்த லீக்கின் ஆட்டங்களைத் தேர்வு முகாமுக்கான கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அப்போது பல்கலைக்கழகங்களுக்கிடையேயான தென்மண்டலப் போட்டிக்குப் போகும் அணி இரண்டு நாள் தேர்வில் பொறுக்கிய அணியாக இல்லாமல், ஒரு பருவம் முழுக்க ஆடிக் காட்டியவர்களின் அணியாக இருக்கும்.

பெற்றோரின் கேள்விக்கும் பதில் உண்டு. ஆடினால் என்ன கிடைக்கும் என்கிறார்கள். அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. இவற்றைத் தாண்டி, பயிற்சியாளர் என்ற தொழிலே ஒரு நல்ல வேலையாக மாறினால், ஆட்டம் முடிந்த பிறகும் ஆட்டக்காரனுக்கு ஒரு வாழ்க்கை இருக்கும். இன்று மூன்றாம் ஆண்டில் பந்தை மூலையில் போடும் மாணவன், நாளை அதே மைதானத்தில் விசிலோடு நிற்கலாம்.

ஆய்வகம் இல்லாத பொறியியல் கல்லூரிக்கு அனுமதி கிடைக்காது. நூலகர் இல்லாத கல்லூரியை நாம் ஏற்பதில்லை. கால்பந்துப் பயிற்சியாளரையும் அப்படிப்பட்ட தேவையாகக் கருதும் முதல் கல்லூரி நிர்வாகம் இந்தச் சமவெளியிலிருந்து வரட்டும். சைமன் சுந்தரராஜைப் போன்ற ஒருவர் மறுபடி நமக்குக் கிடைத்தால், வேலை தேடி அவர் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு கல்லூரி, அவருக்கு ஒரு மைதானத்தையும் இருபது ஆண்டுகளையும் கொடுக்க வேண்டும். வரும் கல்வியாண்டில் ஒரே ஒரு நியமன ஆணையில் இது தொடங்கலாம்.